வினைல் குளோரைடு: எலியிலும் மனிதரிலும் ஒரே கட்டி – ஒரு நிகழ்வு ஆய்வு

1974 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரத்து பி.வி.சி. ஆலை ஒன்றின் நிர்வாகம் அரசுக்கு ஒரு தகவல் கொடுத்தது. ஆலையின் தொழிலாளர்களில் மூன்று பேர் மிக அரிதான ஒரு கல்லீரல் புற்றால் இறந்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அவர்கள் வேலை பார்த்த இடத்தில் பயன்பட்ட வாயு, எலிகளுக்கும் அதே புற்றை உண்டாக்குகிறது என்பது அதற்கு ஓராண்டுக்கு முன்பே இத்தாலியில் ஓர் ஆய்வகத்துக்குத் தெரியும். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களுக்கும் தெரியும்.

இத்தாலிய ஆய்வை நடத்தியவர் செசாரே மால்தோனி, போலோன்யா நகரத்துப் புற்றுநோய் ஆய்வாளர். வேதிப்பொருள்கள் புற்றை உண்டாக்குமா என்று சோதிப்பதிலேயே தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அந்தப் பணியின் ஒரு பகுதியையும் லூயிவில் நிகழ்வையும் சேர்த்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். தம் பெயரில் ஆய்வை வெளியிட்டவர்களின் பெயர் மட்டுமே தரப்படுகிறது. நோயாளிகள், ஆலை மருத்துவர், நிறுவன அதிகாரிகள் ஆகியோரின் பெயர்கள் இங்கே இல்லை.

பின்னணி

வீட்டுத் தண்ணீர்க் குழாயும் மின்கம்பி உறையும் பி.வி.சி.தான். முடிந்து வெளியே வந்த பிளாஸ்டிக்கைப் பற்றியதல்ல இந்த நிகழ்வு. அதற்கு மூலமான வினைல் குளோரைடு என்னும் வாயுதான் இங்கே பேசப்படுவது. அது சுமார் மைனஸ் 13 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சாதாரண வெப்பத்தில் நிறமற்ற வாயு. லேசான இனிப்பு வாசனை உண்டு. ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்குச் சில ஆயிரம் பங்கு (பிபிஎம்) கலந்த பிறகுதான் மூக்குக்குத் தெரியும். வாசனை வந்தால் விலகிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அழுத்தத்தில் அடைத்த வாயுவை ரியாக்டர் என்னும் பெரிய மூடிய கலனுக்குள் பாலிமராக, அதாவது பி.வி.சி. தூளாக, மாற்றுவார்கள். ஒரு சுற்று முடிந்து தூளை வெளியே எடுத்த பிறகும், உள்சுவரில் ஒரு கெட்டியான படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டாமல் அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது. அந்தக் காலத்தில் அந்த வேலைக்கு ஆள் உள்ளே இறங்க வேண்டும். மேலே உள்ள வாய் வழியாக ஒருவர் உளியும் சுரண்டியுமாக இறங்கி, படிவைப் பெயர்த்து எடுப்பார். படிவுக்குள் சிக்கியிருந்த வாயு அவர் முகத்துக்கு நேராகவே வெளிவரும். தலைசுற்றல் வந்தால் மேலே ஏறிக் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு மறுபடியும் இறங்குவார்கள். இந்த வாயுவை மயக்க மருந்தாகப் பயன்படுத்தலாமா என்றே ஒரு காலத்தில் பரிசோதித்திருக்கிறார்கள். அதனால் தலைசுற்றியது யாருக்கும் பெரிய செய்தியாகப் படவில்லை.

அமெரிக்காவில் அப்போது அனுமதிக்கப்பட்ட வரம்பு 500 பிபிஎம். தீப்பிடிக்கக் கூடாது, மயங்கி விழக் கூடாது என்ற கவலைகளை மனதில் வைத்து வந்த எண் அது. 1961-இலேயே டவ் என்னும் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் நச்சியல் ஆய்வாளர்கள், 100 பிபிஎம் அளவிலேயே விலங்குகளின் கல்லீரலில் மாற்றம் தெரிகிறது என்றும் வேலையிடத்தில் சராசரி 50-க்கு மேல் போகக் கூடாது என்றும் எழுதி வெளியிட்டிருந்தார்கள். பொது வரம்பு அசையவில்லை. இரகசியம் எதுவும் இல்லாமல் அச்சில் வந்த எச்சரிக்கையே இப்படிக் கிடந்தது என்பதைப் பின்னால் வரும் பகுதிகளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கண்டது: விரல் நுனி

1960-களில் ரியாக்டர் சுத்தம் செய்கிறவர்களிடம் ஒரு விசித்திரமான நோய் தென்பட்டது. குளிரில் விரல்கள் வெளுத்தன, மரத்துப்போயின. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் விரல் நுனி எலும்பு கரைந்திருந்தது. பெல்ஜியம், பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்து இதே செய்தி வந்தது. எல்லா இடங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் உள்ளே இறங்கிச் சுரண்டுகிறவர்கள்தான். கையால் செய்யும் வேலை, கையில் நோய் என்று பலர் கணக்குப் போட்டார்கள். உடம்பு முழுவதும் பரவும் நஞ்சு விரலில் முதலில் முகம் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டவர்கள் குறைவு.

இத்தாலியில் ரொசின்யானோ ஊரின் சோல்வே வேதிப்பொருள் ஆலையோடு தொடர்புடைய மருத்துவர் பியர் லூய்ஜி வியோலா, இந்த எலும்புக் கரைவை எலிகளில் உண்டாக்கிப் பார்க்க நினைத்தார். 30,000 பிபிஎம் வாயு, நாளுக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள், 12 மாதம். எலும்பைத் தேடிப் போனவருக்குக் கட்டிகள் கிடைத்தன. தோலிலும் நுரையீரலிலும் எலும்பிலும் கட்டிகள். 1970 மே மாதம் ஹூஸ்டனில் நடந்த உலகப் புற்றுநோய் மாநாட்டில் இதைச் சொன்னார், மறு ஆண்டு அச்சிலும் வந்தது.

தொழில்துறையிடம் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று, 30,000 பிபிஎம் எந்த ஆலையிலும் நாள் முழுக்க இருக்காது. இன்னொன்று, வியோலா கண்ட கட்டிகளில் பல எலியின் காதருகே உள்ள ஸிம்பால் சுரப்பியில் வந்தவை. மனிதருக்கு அந்தச் சுரப்பியே கிடையாது. இரண்டு பதில்களுமே பொய் இல்லை. ஆனால் அவற்றைச் சொல்லிவிட்டு உட்கார முடியாது, குறைந்த அளவில் என்ன ஆகும் என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும். இத்தாலிய வேதிப்பொருள் நிறுவனமான மோன்டெடிசன் மால்தோனியை அணுகியது அதற்காகத்தான். பிறகு பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் பெரிய உற்பத்தியாளர்களும் செலவில் பங்கு சேர்ந்தார்கள்.

போலோன்யாவில் எடுத்த முடிவுகள்

மால்தோனி 1930-இல் ஃபாயென்ஸா நகரில் பிறந்தவர், மருத்துவர். 1971 ஜூலையில் அவர் தொடங்கிய சோதனையின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். முடிவைத் தீர்மானித்தது அந்த அமைப்புதான் என்பது என் கணிப்பு.

அளவு விஷயத்தில் அவர் 10,000 பிபிஎம்மில் தொடங்கி 6,000, 2,500, 500, 250, 50 என்று படிப்படியாக இறங்கினார். கூடவே வாயுவே படாத ஒரு கூட்டமும் இருந்தது. 500 என்பது சட்ட வரம்பு. அதற்குக் கீழே இரண்டு படிகள் வைத்ததால், தொழிலாளி தினமும் சுவாசிக்கக் கூடிய அளவிலேயே கேள்வி கேட்கப்பட்டது. “இவ்வளவு அதிகம் கொடுத்தால் எதற்குத்தான் புற்று வராது” என்ற பதிலுக்கு இனி வழியில்லை. வாயுவை ஊசியிலோ தீவனத்திலோ கொடுக்காமல் சுவாசம் வழியே கொடுத்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

அடுத்தது காலம். நாளுக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள், 52 வாரம் வாயு கொடுத்தார்கள். அதன் பிறகு எலிகளைக் கொன்று பார்க்காமல், அவை தாமாகச் சாகும்வரை வளர்த்தார்கள். இது செலவு பிடித்த முடிவு. குறிப்பிட்ட வாரத்தில் எல்லாவற்றையும் அறுத்து முடிப்பதுதான் அன்றும் இன்றும் பல ஆய்வகங்களின் வழக்கம். ஆனால் புற்று வர நாளாகும். மனிதருக்கு ஐம்பது, அறுபது வயதில் வருவதை எலியின் இளமையிலேயே தேடினால் கிடைக்காது.

மூன்றாவது, கட்டி கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, ஒவ்வொரு எலியின் எல்லா உறுப்புகளையும் நுண்ணோக்கியில் பார்ப்பது. வியோலாவின் அறிக்கையில் இடம்பெறாத ஒன்று கண்ணில் பட்டது இந்தப் பொறுமையால்தான்: கல்லீரல் ரத்தக்குழாய்களின் உள்படலத்தில் எழும் ஆஞ்சியோசர்கோமா. சட்ட வரம்பில் பாதியான 250 பிபிஎம்மில்கூட அது இருந்தது.

எலியின் காதுச் சுரப்பியைச் சொல்லித் தட்டிக்கழித்த மாதிரி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மனிதருக்கும் கல்லீரல் உண்டு. மனிதரிடம் இந்தப் புற்று எவ்வளவு அரிது என்றால், அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்கு சுமார் 25 பேர் இதனால் இறப்பதாகத்தான் அப்போது கணித்திருந்தார்கள். தோரோட்ராஸ்ட் என்ற பழைய எக்ஸ்ரே மருந்தும் ஆர்சனிக்கும் இதற்குக் காரணமாகும் என்று ஏற்கெனவே தெரியும். அதாவது, வெளியிலிருந்து வரும் நஞ்சோடு தொடர்புடைய புற்று என்று அது முன்பே பெயர் வாங்கியிருந்தது.

ஒப்பந்தம்

பணம் கொடுத்த ஐரோப்பிய நிறுவனங்கள் முடிவுகளைத் தங்கள் சொத்தாக நினைத்தன. 1972 இறுதிவாக்கில் அமெரிக்க வேதிப்பொருள் உற்பத்தியாளர் சங்கமும் ஐரோப்பியத் தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தகவலைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் ஐரோப்பியரின் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. 1973 ஜனவரியில் அமெரிக்க நிறுவனங்களின் பிரதிநிதிகள் போலோன்யாவுக்கே வந்து, 250 பிபிஎம் முடிவைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதே மாதம் அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு அமைப்பான நியாஷ், வினைல் குளோரைடின் ஆபத்து பற்றித் தெரிந்தவர்கள் தகவல் தரும்படி அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டது. ஜூலையில் உற்பத்தியாளர் சங்கத்தினர் நியாஷ் அதிகாரிகளை நேரில் சந்தித்தார்கள். போலோன்யா எலிகளின் கல்லீரல் அங்கே விரித்து வைக்கப்படவில்லை. நிறுவனங்களின் உள் ஆவணங்கள் பிற்காலத்தில் வழக்குகள் மூலம் வெளியே வந்தபோதுதான் இந்தச் சந்திப்பின் முன்னும் பின்னும் நடந்தது தெரிந்தது.

உடன்பாடு போட்டவர்களின் பக்கத்து நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். சோதனை இன்னும் முடியவில்லை, பாதி எலிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அரைகுறை முடிவு பீதியைக் கிளப்பும் என்றார்கள். ஆராய்ச்சியில் பொதுவாக இது ஏற்கத்தக்க வாதம்தான். இங்கே அது பொருந்தாததற்குக் காரணம் எளிது: அந்த மாதங்களிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஆட்கள் ரியாக்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறுதி முடிவுக்காகக் காத்திருக்கச் சொன்னவர்கள் யாரும் அந்த வேலையை நிறுத்திவைக்கவில்லை.

லூயிவில்லில் கண்டது

ரப்பர்டவுன் என்று அழைக்கப்படும் தொழிற்பேட்டையில் இருந்தது குட்ரிச் நிறுவனத்தின் அந்த ஆலை. ஆலை மருத்துவர் நகரில் அறுவை மருத்துவராகவும் பணியாற்றியவர். விரல் நுனி நோயை 1960-களிலேயே இந்த ஆலையில் கவனித்தவரும் அவர்தான்.

ஒரு தொழிலாளி கல்லீரல் ஆஞ்சியோசர்கோமாவால் இறந்தபோது அது அரிய நோய் ஒன்றின் தனி நிகழ்வு. பிறகு அதே ஆலையில் இன்னொருவர். 1973 டிசம்பரில் மூன்றாமவர். மருத்துவ மாணவர்கள் பாடத்தில் மட்டும் படித்துவிட்டு வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் போகக் கூடிய புற்று இது. ஒரே ஆலையின் ஒரே பிரிவில் மூன்று பேருக்கு வந்தால், சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய புள்ளிவிவரக் கணக்கு தேவையில்லை. ஆலை மருத்துவரும் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவுத் தலைவரும் கலந்து பேசி, 1974 ஜனவரி மூன்றாம் வாரவாக்கில் அரசுக்கும் நியாஷுக்கும் தெரிவித்தார்கள், பொதுவிலும் அறிவித்தார்கள்.

பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்ததில் எண்ணிக்கை நான்கானது. முதல் நிகழ்வு 1967 வரை பின்னால் போனது. நால்வரும் பாலிமர் தயாரிக்கும் பிரிவைச் சேர்ந்தவர்கள், நோய் தெரிவதற்கு முன் குறைந்தது 14 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர்கள். நீண்டகாலக் குடிப்பழக்கமோ, கல்லீரலைக் கெடுக்கும் வேறு பொருளின் தொடர்போ அவர்களிடம் தென்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். மூன்று மரணங்களும் தனித்தனி மரணச் சான்றிதழ்களாக மட்டும் இருந்திருந்தால் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நோயாளியின் கல்லீரலையும் அவருடைய வேலையையும் ஒரே ஆள் அறிந்திருந்ததால்தான் இது பிடிபட்டது. அறிவிப்புக்குப் பிறகு மற்ற ஆலைகளும் நாடுகளும் தங்கள் பழைய இறப்புகளைத் தேடியபோது, அவர்களிடமும் இந்த நிகழ்வுகள் கிடைத்தன.

போலோன்யா முடிவுகள் இப்போது வேறு எடையோடு மேசைக்கு வந்தன. 1974-இல் மால்தோனி அவற்றை அமெரிக்காவிலும் விளக்கினார். 50 பிபிஎம் அளவிலும் கட்டி வருவதை அப்போது சொன்னார். பின்னாளில் இன்னும் குறைந்த அளவுகளிலும் கண்டார்.

வரம்பு எப்படி இறங்கியது

1974 ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, அவசர ஆணையில் வரம்பை 500-இலிருந்து 50-ஆக இறக்கியது. ஆணை வந்த சில நாட்களில் 50 பிபிஎம்மிலும் விலங்குகளுக்குக் கட்டி என்ற செய்தி உறுதியானது. அக்டோபரில் நிரந்தர விதி: எட்டு மணி நேரச் சராசரி 1 பிபிஎம். 15 நிமிடக் கணக்கில் 5 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. கூந்தல் ஸ்ப்ரே, பூச்சி ஸ்ப்ரே போன்றவற்றில் உந்துவாயுவாக இதே வினைல் குளோரைடு இருந்தது என்பது இன்று கேட்டால் திகைப்பாக இருக்கும். அதே ஆண்டில் அதற்கும் தடை வந்தது.

1 பிபிஎம் நடக்காத காரியம், தொழிலே அழியும் என்றது தொழில்துறை. 65 முதல் 90 பில்லியன் டாலர் உற்பத்தி இழப்பு, 17 முதல் 22 லட்சம் வேலைகள் போகும் என்று அவர்களுக்காகத் தயாரான மதிப்பீடு சொன்னது. வழக்கும் போட்டார்கள். 1975 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை உறுதி செய்தது. அறிவியல் இன்னும் முற்றுப்பெறாத நிலையிலும் தொழிலாளியைக் காக்க அரசு முடிவெடுக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு.

நடந்தது வேறு. ரியாக்டரைத் திறக்காமலே உயர் அழுத்த நீரால் கழுவினார்கள். படிவு ஒட்டாதபடி உள்சுவரில் பூச்சு கொடுத்தார்கள். தூளில் தங்கிய வாயுவை நீராவியால் பிரித்து மறுபடியும் பயன்படுத்தினார்கள். முன்பு காற்றோடு போன சரக்கு திரும்பக் கிடைத்தது. குட்ரிச் தான் உருவாக்கிய நுட்பத்தை மற்றவர்களுக்கு உரிமத்தில் விற்கவும் செய்தது. மொத்தச் செலவு 30 கோடி டாலருக்குள் முடிந்தது. உளியோடு உள்ளே இறங்கும் வேலை பெருமளவு இல்லாமல் போனது.

அதன் பிறகு

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வினைல் குளோரைடை, மனிதருக்குப் புற்றுண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதும் தெளிவானது. கல்லீரல் நொதி ஒன்று வாயுவை குளோரோஎத்திலீன் ஆக்சைடாக மாற்றுகிறது. அது டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு மரபுக் குறிப்பைக் கெடுக்கிறது. அந்த நொதிக்கு ஒரு கொள்ளளவு உண்டு. மிக அதிக வாயு வந்தால் அது நிரம்பிவிடும், மீதி மாறாமல் மூச்சோடு வெளியே போகும். ஆகவே பத்தாயிரக் கணக்கில் கொடுத்தால் அதே விகிதத்தில் ஆபத்து ஏறாது. “அளவு அதிகம் என்பதால் வந்த கட்டி” என்று வியோலாவிடம் சொன்ன வாதம் இந்த இடத்தில் கிட்டத்தட்டத் தலைகீழாகிறது.

மால்தோனி தொடர்ந்து பல பொருள்களைச் சோதித்தார். 1970-களின் பின்பகுதியில் பென்சீன் எலிகளின் பல உறுப்புகளில் புற்றுண்டாக்கும் என்று காட்டினார். மனிதரிடம் ரத்தப்புற்று என்று தெரிந்திருந்தும் விலங்கில் நிரூபணம் இல்லை என்ற நிலை அதோடு முடிந்தது. 1982-இல் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோய்களை ஆராய்ந்த இர்விங் செலிகோஃபுடன் சேர்ந்து, தொழில்சார் நோய்களை ஆராய்வோரின் அமைப்பான ராமஸ்ஸினி கழகத்தை நிறுவினார். 2001-இல் இறந்தார். அவர் பின்பற்றிய சாகும்வரை வளர்க்கும் முறைக்கும் ஒரு விலை உண்டு. முதிய எலிகளுக்கு நுரையீரல் தொற்று வரும், சில ரத்தப்புற்றுகளையும் அழற்சியையும் பிரித்தறிவது கடினம். அவர் ஆய்வகத்தின் வேறு சில முடிவுகளை 2010 வாக்கில் அமெரிக்க அரசு நிபுணர்கள் மறுபரிசோதனை செய்து, சிலவற்றில் மாறுபட்டார்கள். அந்த ஐயம் வினைல் குளோரைடு முடிவைத் தொடவில்லை. மனிதரிடமே அதே கட்டி கிடைத்துவிட்ட பிறகு தொடவும் முடியாது.

இத்தாலியிலும் கதை நீண்டது. வெனிஸ் அருகே போர்த்தோ மர்கேராவில் வினைல் குளோரைடு ஆலைத் தொழிலாளி ஒருவர், தன்னோடு வேலை செய்தவர்களின் மரணங்களைத் தானே தொகுத்து 1994-இல் அரசு வழக்கறிஞரிடம் கொடுத்தார். 1998-இல் விசாரணை தொடங்கியது. 2001 நவம்பரில், குற்றம் சாட்டப்பட்ட நிறுவன அதிகாரிகள் எல்லோரும் விடுதலை. 2004 டிசம்பரில் மேல்முறையீட்டில் 5 முன்னாள் அதிகாரிகள் மட்டும், ஒரு தொழிலாளியின் மரணத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மற்ற பல மரணங்களுக்கு வழக்கின் காலக்கெடு கடந்துவிட்டிருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்த நிகழ்வில் அறிவியல் பெரிதாகத் தவறவில்லை. கேள்வி சரியான அளவில், சரியான வழியில் கேட்கப்பட்டது, விடையும் தெளிவாக வந்தது. அது யாருக்குப் போகும் என்ற தீர்மானம் மட்டும் பணம் கொடுத்தவர்கள் கையில் இருந்தது. ஆகவே முதல் மாற்றம் ஒப்பந்தத்தில். நிறுவனப் பணத்தில் ஒரு பொருளைச் சோதிக்கும் ஆய்வாளர், மக்கள் இப்போதே அந்தப் பொருளோடு வேலை செய்துகொண்டிருந்தால், சோதனை நடுவிலேயே கட்டி தெரிந்தாலும் அரசு அமைப்புக்கு இத்தனை நாளுக்குள் தெரிவிப்பேன் என்ற பிரிவைக் கையெழுத்துக்கு முன்பே சேர்க்க வேண்டும். பின்னால் சேர்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இரண்டாவது விரல் நுனி நோய். அது தெரிந்த நாளிலிருந்து ரியாக்டர் சுத்தம் செய்தவர்களின் முழு உடல்நிலையையும் தொடர்ந்து பதிவு செய்திருந்தால், 1967 மரணம் தனியாகத் தொங்கியிருக்காது. ஒரே வேலை செய்கிறவர்களுக்கு விளங்காத நோய் ஒன்று வந்தால், அந்த உறுப்போடு மட்டும் நிற்கக் கூடாது.

அப்புறம் ஓய்வு பெற்றவர்கள். வாயுவோடு பழகிய காலத்துக்கும் இந்தப் புற்றுக்கும் நடுவே பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. உலக அளவில் பதிவான பி.வி.சி. தொழிலாளர் நிகழ்வுகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 200. அவர்களில் பலருக்கு வரம்பு 1 பிபிஎம்மாக இறங்கிய பிறகுதான் நோய் வந்தது, ஆனால் வாயு உள்ளே போனது அதற்கு முந்தைய ஆண்டுகளில். ஆலையை விட்டுப் போனவரின் பெயரும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்ற விவரமும், அவரைப் பிற்காலத்தில் பார்க்கும் மருத்துவரிடம் இருந்தாக வேண்டும். பல ஆலைகள் கைமாறின, மூடப்பட்டன. கைமாறும்போது ஊழியர் பதிவேட்டை யார் வைத்துக்கொள்வது என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதுவது நடைமுறையில் சாத்தியமான காரியம்.